ரி.டி. இரண்டும் மார்க் இரண்டும்

வணக்கம் நேயர்களே.

இங்கிலாந்துக் கராஜ்களில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் இரவில் படுக்கப் போகுமுன் இணையத்தில் பழைய கார் விளம்பரங்களைப் பார்க்காமல் நித்திரை வராது. அப்படிப் பார்த்த ஒரு விளம்பரத்தின் ஒரேயொரு வரியைப் பற்றித்தான் இன்றைக்குக் கதைக்க வந்திருக்கிறேன். எம்.ஜி. (MG) என்ற பழைய ஆங்கிலக் காரின் ரி.டி. (TD) மாடலைப் பற்றிய அந்த வரி இது: "1952 எம்.ஜி. ரி.டி. மார்க் இரண்டு, விற்பனைக்கு." வருஷம் சரி. கம்பெனி சரி. 'மார்க் இரண்டு' என்ற அந்த இரண்டு சொல்தான் பிழை. விலையை ஏற்றி வைத்திருந்ததும் அதே இரண்டு சொல்தான்.

எம்.ஜி. என்றால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். நம்மில் வயதானவர்களுக்கு யாழ்ப்பாணத்து ஓஸ்ரின் ஏ-40 ஞாபகம் இருக்கும். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காமல், கிளப்புவதற்கு மட்டும் துளி பெற்றோல் விட்டு, மிச்சத்துக்கு மண்ணெண்ணெயில் ஓடிய அதே ஏ-40. அந்த ஓஸ்ரின் கம்பெனியும், மொறிஸ் மைனர் செய்த நஃபீல்ட் குழுமமும் 1952இல் ஒன்றாகின. எம்.ஜி. அந்த மொறிஸ் வீட்டுப் பிள்ளை. எம்.ஜி. என்ற எழுத்துகளே ஒக்ஸ்போர்டில் இருந்த மொறிஸ் கராஜஸின் சுருக்கம்தான். 1929இலிருந்து 1980வரை அபிங்டன் என்ற சிறிய ஊரில் அதன் தொழிற்சாலை இருந்தது. அங்கே செய்த இரண்டு பேர் இருக்கும் திறந்த கார்களில் மூன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ரி.சி. (TC), ரி.டி. (TD), ரி.எஃப். (TF). இந்த மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி எழுதுவதில்தான் விளம்பரங்களில் பாதிப் பிழை.

ரி.சி.யையும் ரி.டி.யையும் பிரிக்க உங்களுக்கு ஒரு படம் போதும். சில்லைப் பாருங்கள். ரி.சி. 1945இலிருந்து 1949வரை வந்தது. அதன் சில்லு 19 அங்குலம், மெல்லிசு, கம்பி கம்பியாக இருக்கும். சைக்கிள் சில்லை நினைத்துக்கொள்ளுங்கள். ரி.டி. அதற்குப் பிறகு வந்தது, 1953வரை. அதன் சில்லு 15 அங்குலம், இரும்புத் தட்டு, கட்டையாகக் குந்திக்கொண்டு நிற்கும். சைக்கிள் சில்லு என்றால் ரி.சி., கட்டைச் சில்லு என்றால் ரி.டி. கார் ஓட்டியபடி கேட்கிறவர்களுக்காக இன்னொருமுறை சொல்கிறேன்: உயரமான கம்பிச் சில்லு ரி.சி., கட்டைத் தட்டுச் சில்லு ரி.டி. பின்னாளில் ஆசைக்கு ரி.டி.க்குக் கம்பிச் சில்லு பூட்டியவர்களும் இருக்கிறார்கள். அப்போது உயரத்தைப் பாருங்கள், உயரம் மாறாது. ஸ்ரியரிங்கையும் பாருங்கள். தொழிற்சாலை ரி.சி.யை வலப்பக்க ஸ்ரியரிங்கோடு மட்டும்தான் செய்தது, அமெரிக்காவுக்கு அனுப்பியதும் அப்படித்தான். "ஒரிஜினல் ரி.சி., இடப்பக்க ஸ்ரியரிங்" என்று ஒருவர் எழுதினால், ஒன்றில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், இல்லையென்றால் அது ரி.சி.யே இல்லை. ரி.எஃப். இன்னும் சுலபம். முன்விளக்குகள் தனியே தூக்கி நிற்காமல் மட்கார்டோடு சேர்ந்து உருகின மாதிரி இருக்கும்.

சரி, அந்த விளம்பரத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த குடும்பத்துத் தம்பி ஒருவர் போன வசந்த காலத்தில் ஃபோன் எடுத்தார். "மாமா, ஒரு ரி.டி. மார்க் டூ கண்டிருக்கிறன், வந்து பாக்கிறீங்களா?" படங்களை அனுப்பினார். ஏழு படம். சில்லு சரி, விளக்கு சரி, ரி.டி.தான். ஆனால் பொனற் திறந்த படம் ஒன்றுமே இல்லை. இந்த இடத்தைக் கவனியுங்கள்: விற்கிறவர் எடுக்காமல் விட்ட படத்தைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்டோம், "எங்களுக்குத் திறக்கத் தெரியாது, நீங்களே வந்து பாருங்கள்" என்று பதில் வந்தது. இரண்டு மணி நேர ஓட்டம். போனோம்.

வீட்டில் வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா. கணவர் போய் ஒரு வருஷம். காரைக் கம்பளியால் போர்த்தி வைத்திருந்தார். தேத்தண்ணி தந்துவிட்டு, தானே கம்பளியை எடுத்தார். ரி.டி.யின் பொனற், இப்போதைய கார் மாதிரி முன்பக்கமாகத் தூக்கிற மூடி கிடையாது. நடுவில் நீளமாகக் கீல் ஓடும், பூச்சி சிறகு விரிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் தனித்தனியாகத் திறக்கும். திறந்து ரோச் லைற்றைப் பிடித்தேன். எஞ்சினின் பக்கத்தில் பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். எட்டு மூலை, எம்.ஜி. சின்னத்தின் வடிவமே அதுதான். பச்சைக் களிம்பு பிடித்துக் கிடந்தது. துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு, பெருவிரலால் மெதுவாகத் தேய்த்தேன். எக்ஸ். பி. ஏ. ஜி. ஒரு சாய்கோடு. பிறகு ரி. டி. இரண்டு. அதன் பிறகு இலக்கம்.

தம்பி துள்ளினார். "ரி.டி. ரூ, மாமா! மார்க் டூதான்!"

இங்கேதான் உலகம் முழுக்கத் தடுக்கி விழுகிறது. எக்ஸ்.பி.ஏ.ஜி. என்பது அந்த 1250 சி.சி. எஞ்சினின் பெயர். அதன் பின்னால் வரும் ரி.டி. இரண்டு என்பது ஒரு கிளச் கதை. முதலில் வந்த ரி.டி.களுக்கு ஏழே கால் அங்குலக் கிளச். 1951இன் நடுவில் அதை எட்டு அங்குலமாக்கினார்கள். மாற்றின எஞ்சினை அடையாளம் காண தகட்டில் '2' சேர்த்தார்கள். அவ்வளவுதான். சாதாரணக் கார், கொஞ்சம் பெரிய கிளச்.

மார்க் இரண்டு என்பது வேறு ஆள். ஓட்டப் பந்தயக்காரர்களை மனதில் வைத்துத் தொழிற்சாலையே கொஞ்சம் முறுக்கிவிட்ட ரி.டி. அது. பெரிய காபரேற்றர்கள், கூடின கொம்பிறெஷன், பெற்றோல் பம்ப் ஒன்றுக்கு இரண்டு, முன்னாலும் பின்னாலும் மேலதிக ஷொக் அப்சோபர்கள். அதன் அடையாளம் எஞ்சின் தகட்டில் இல்லை, செசித் தகட்டில் இருக்கிறது. செசி என்றால் காரின் அடிச்சட்டம். செசி இலக்கம் 'ரி.டி., சாய்கோடு, சி' என்று தொடங்கும். அந்த 'சி' இருந்தால் மார்க் இரண்டு. 'சி' இல்லையென்றால் இல்லை. எஞ்சினில் '2' தேடாதீர்கள், செசியில் 'சி' தேடுங்கள்.

செசித் தகட்டையும் துடைத்தோம். ரி.டி., சாய்கோடு, நேரே இலக்கம். 'சி' இல்லை. பம்ப் எண்ணினோம், ஒன்று. குனிந்து பார்த்தோம், மேலதிக ஷொக் அப்சோபர் இருந்த சுவடே இல்லை, பூட்டிய துளைகூட இல்லை.

அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அப்படியென்றால் என் கணவர் இத்தனை வருஷமும் பிழையாகவா சொன்னார்?" என்று கேட்டார். "அவர் என்னவென்று சொல்லுவார்?" என்று கேட்டேன். "ரி.டி. ரூ என்று." பேரன்தான் விளம்பரம் எழுதினவர், தாத்தா சொன்ன 'ரூ'வை 'மார்க் இரண்டு' என்று எழுதிவிட்டார். "உங்கள் கணவர் சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி" என்றேன். அப்போதுதான் அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. அன்றைக்குப் பின்னேரமே விளம்பரத்தைத் திருத்தினார்கள். சாதாரண ரி.டி.க்கு உரிய விலையில் தம்பி வாங்கினார்.

பேரில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். கிளச் தட்டு வாங்கப் போகும்போது தெரியும். ஏழே காலுக்கு எட்டு அங்குலம் பொருந்தாது.

செசி இலக்கம் என்றதும் ஒன்று சொல்லாமல் விட முடியாது, எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ரி.சி., ரி.டி. இரண்டிலும் முதல் காரின் இலக்கம் ஒன்று கிடையாது, 0251. காரணம், அபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி இலக்கம் 251. ஆக, செசி இலக்கத்திலிருந்து 250ஐக் கழித்தால் உங்கள் கார் எத்தனையாவதாகப் பிறந்தது என்று தெரியும். தம்பி கராஜில் நின்றே கழித்துப் பார்த்தார். செய்த ரி.டி.கள் கிட்டத்தட்ட 30,000. அதில் பெரும்பகுதி அமெரிக்கா போனது.

அமெரிக்கா என்றதும் அடுத்த பிழை. ரி.டி. உருவத்தில் ஃபைபர் கிளாஸ் உடம்பு செய்து, வோக்ஸ்வாகன் பீட்டிலின் செசியில் ஏற்றின கார்கள் அங்கே நிறைய உண்டு. அவற்றையும் "1952 எம்.ஜி." என்று விற்கிறார்கள். உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒன்றைப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போங்கள். உண்மையான ரி.டி. ஆஷ் மரச் சட்டத்தின் மேல் இரும்புத் தகடு, காந்தம் ஒட்டும். அதைவிடச் சுலபம், எஞ்சின் எங்கே என்று பாருங்கள். பின்னால் இருந்தால் அது பீட்டில்.

பத்திரங்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அப்பால் நிகழ்ச்சியை நடத்தும் தங்கச்சி இரண்டு விரல் காட்டுகிறா, இரண்டு நிமிஷம்தான் மிச்சம். வேகமாகச் சொல்கிறேன். லொக் புக்கில், அதாவது காரின் பதிவுப் புத்தகத்தில், இருக்கும் முதல் பதிவுத் திகதி, கார் செய்த திகதியாக இருக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்த கார்களில் இரண்டுக்கும் நடுவில் பல வருஷம் கிடக்கலாம். லொக் புக்கில் உள்ள செசி இலக்கம், தகட்டில் உள்ளது, சட்டத்தின் இரும்பிலேயே குத்தியிருப்பது, மூன்றும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பல பழைய கம்பெனிகளின் உற்பத்திப் பதிவேடுகள் இருக்கின்றன, பணம் கட்டினால் சான்றிதழ் தருவார்கள். எம்.ஜி. கார் கிளப் 1930இலிருந்து இருக்கிறது, அவர்களிடமும் கேட்கலாம். ட்ரயம்ஃப் ரி.ஆர். கார்கள் இன்னொரு நாளைக்கு. ஒரு விரல் காட்டுகிறா. வணக்கம் நேயர்களே, செசியில் 'சி' பாருங்கள்.