கடைசி இ.எம்.ஐ. கட்டியாச்சு, இனி கொஞ்சம் ஆடலாமா?

வணக்கம் மக்களே. மொட்டை மாடியில உக்காந்து பேசுறேன், காத்து சத்தம் வந்தா பொறுத்துக்கோங்க.

கடன்ல இருந்து வெளிய வர்றது எப்படின்னு சொல்ற வீடியோ எக்கச்சக்கமா இருக்கு. வெளிய வந்த மறுநாள் என்ன பண்றதுன்னு யாரும் பேசுறதில்ல. கடைசித் தவணை போன நாள்லேருந்து ஒரு வருஷம் இருக்கு பாருங்க, அதுதான் பாசி படிஞ்ச படி. அங்கதான் கால் வழுக்கும். காசு கட்டியாச்சு, ஆனா காகிதத்துல கடன் இன்னும் உயிரோட இருக்கும். இன்னொரு பக்கம், இத்தனை வருஷம் வாயைக் கட்டி வயித்தைக் கட்டின மனசு, ஒண்ணு ஒரே மாசத்துல எல்லாத்தையும் அனுபவிக்கத் துடிக்கும், இல்ல அனுபவிக்கிறதுன்னா என்னன்னே மறந்து போயிருக்கும்.

முதல்ல காகிதம். வீட்டுக் கடன் முடிஞ்சா, பத்திரத்தை வாங்கிட்டு வந்து பீரோல வெச்சுப் பூட்டிட்டு நிம்மதியா தூங்கிடுறாங்க. பத்தாது. கடன் வாங்கினப்போ சார்பதிவாளர் ஆபீஸ்ல எம்.ஓ.டி.ன்னு ஒண்ணு பதிவு பண்ணியிருப்பாங்க. உங்க பத்திரம் வங்கிகிட்ட இருக்குங்கிறதுக்கான பதிவு அது. ஈ.சி. போட்டுப் பார்த்தா, வில்லங்கச் சான்றுல அது ஒரு வரியா நிக்கும். கடன் தீர்ந்தா தானா அழியாது. வங்கி எழுதிக் கொடுக்கிற ரசீது ஆவணத்தை அதே ஆபீஸ்ல பதிவு பண்ணணும். பண்ணின பிறகும் பழைய வரி அப்படியேதான் இருக்கும், பதறாதீங்க. அதுக்கு அப்புறம் ரசீதுன்னு புதுசா ஒரு வரி சேரும். அந்த வரி வந்தாத்தான் வீடு முழுசா உங்களுது. பதிவுத்துறையோட தளத்துல ஈ.சி.யை இலவசமாவே பார்க்கலாம், ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவை பார்த்துடுங்க. இதைச் செய்யாம விட்டவங்களுக்கு எப்போ தெரியும்னா, பத்து வருஷம் கழிச்சு வீட்டை விக்கப் போகும்போது. வாங்க வந்தவரோட வக்கீல் ஈ.சி.யைப் பார்த்துட்டு, 'சார், இங்க ஒரு அடமானம் நிக்குதே'ம்பார். அதுக்குள்ள அந்தக் கிளையையே வேற கிளையோட சேர்த்திருப்பாங்க, அலைச்சல் நமக்கு.

பத்திரத்தைத் திருப்பி வாங்கும்போது கவரைப் பிரிச்சு அங்கேயே எண்ணுங்க. கடன் போட்ட அன்னிக்குக் கொடுத்த ஆவணப் பட்டியல் இருக்கும், அதை வெச்சு உங்க கிரயப்பத்திரம், அதுக்கு முந்தின தாய்ப்பத்திரம், வரைபட அனுமதி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா டிக் அடிங்க. கூச்சப்படாதீங்க. முழுசா கட்டின 30 நாளுக்குள்ள ஆவணங்களைக் கொடுத்தாகணும், அவங்க தப்பால தாமதமானா நாள் ஒண்ணுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தரணும். இது ரிசர்வ் வங்கி உத்தரவு, 2023 டிசம்பர்லேருந்து நடைமுறையில இருக்கு.

வண்டிக் கடனா? கடன் பாக்கி இல்லன்னு ஃபைனான்ஸ்காரங்க கொடுக்கிற என்.ஓ.சி.யை வாங்கிட்டு, ஆர்.டி.ஓ.வுக்கு படிவம் 35 போட்டு, ஆர்.சி.ல இருக்கிற ஹெச்.பி.யை, அதாவது வண்டி மேல கடன் இருக்குங்கிற பதிவை, கேன்சல் பண்ணுங்க. இன்சூரன்ஸ் பாலிசியிலயும் ஃபைனான்ஸ் பேரை எடுக்கச் சொல்லுங்க. இதைத்தான் நிறையப் பேர் மறக்கிறாங்க. வண்டி திருடு போனா இழப்பீடு ஃபைனான்ஸ்காரங்க பேருக்குப் போய் நிக்கும்.

நகையை மீட்கும்போது ஒரு விஷயம். இதோ, என் கையில இருக்கிறது ஒரு சாம்பிள் அடமான ரசீது. இதுல ரெண்டு எடை இருக்கு பாருங்க, மொத்த எடை, நிகர எடை. கல், அரக்கு, நூல் இதையெல்லாம் கழிச்சது நிகர எடை. நீங்க ஒப்பிட வேண்டியது மொத்த எடையை. அவங்க தராசுலயே வெச்சு, கிராமுக்குக் கீழ இருக்கிற புள்ளி வரைக்கும் பாருங்க. தோட்டுத் திருகு, சங்கிலிக் கொக்கி, வளையல் நெளிவு எல்லாம் கவுன்டரை விட்டு நகர்றதுக்கு முன்னாடியே. வெளிய வந்துட்டா பேச்சு எடுபடாது.

வெளியில கைமாத்து, தண்டல் வாங்கினவங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். தண்டல்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பத்தாயிரம்னு எழுதுவாங்க, 1,500 பிடிச்சுக்கிட்டு 8,500 கையில கொடுப்பாங்க, தினம் நூறு ரூபாய்னு 100 நாள் கட்டணும். பார்க்க 15 பர்சென்ட் மாதிரி தெரியும். ஆனா முதல் நாள்லேருந்தே அசலைத் திருப்பிக் கொடுத்துக்கிட்டே வர்றீங்க இல்லையா, அதைக் கணக்குல எடுத்தா வருஷத்துக்கு 120 சதவீதத்துக்குக் கிட்ட வரும். அது முடிஞ்சதுன்னா, புரோநோட்டு, வெத்துச் செக், கையெழுத்துப் போட்ட பத்திரத்தாள், சில பேர் ஏ.டி.எம். கார்டு கூடக் கொடுத்து வெச்சிருப்பாங்க, எல்லாத்தையும் கையில வாங்குங்க. 'வீட்ல எங்கியோ இருக்குங்க, அப்புறம் தர்றேன்'னா, முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்னு தேதி போட்டு அவர் கையெழுத்துல ஒரு வரி வாங்கிடுங்க. நிரப்பாம கையெழுத்துப் போட்ட புரோநோட்டை வெச்சிருக்கிறவர் நிரப்பிக்கலாம்னு மாற்றுமுறை ஆவணச் சட்டமே சொல்லுது. இனிமேயாவது பணத்தை வங்கிக் கணக்கு வழியா அனுப்புங்க, அதை விட நல்ல சாட்சி கிடையாது. மிரட்டினா, தமிழ்நாட்டுல 2003லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தாச்சு, போலீஸ்ல புகார் கொடுக்கலாம்.

அடுத்தது சிபில், நம்ம கடன் வரலாறைப் பதிவு பண்ணி ரிப்போர்ட் கொடுக்கிற நிறுவனம். அந்த ரிப்போர்ட்ல வர்ற 'க்ளோஸ்டு'க்கும் 'செட்டில்டு'க்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். செட்டில்டுன்னா, முழுசா கட்டாம பேசித் தீர்த்தாங்கன்னு அர்த்தம். பாக்கியைக் கட்டி அதை க்ளோஸ்டா மாத்தச் சொல்லலாம், ஆனா கட்டறதுக்கு முன்னாடி எழுத்துல கேட்டு வாங்குங்க. சிபில் தவிர இன்னும் மூணு நிறுவனம் இருக்கு, நாலுமே வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாத் தரணும். தப்பா இருந்தா புகார் போடுங்க, 30 நாள் தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது கூட உங்க ரிப்போர்ட்ல இருக்கும், பார்த்துட்டு மயக்கம் போடாதீங்க.

சரி, இப்போ பணம். மாசம் 9,500 ரூபாய் இ.எம்.ஐ. போய்க்கிட்டு இருந்ததுன்னு வெச்சுக்குவோம். அடுத்த மாசம் அந்த 9,500 கணக்குல சும்மா கிடக்கும். ரெண்டு மாசம் சும்மா விட்டீங்கன்னா அது செலவுக்குள்ள கரைஞ்சு போயிடும், எங்க போச்சுன்னே தெரியாது. அதனால இ.எம்.ஐ. அஞ்சாம் தேதி போச்சுன்னா, அதே அஞ்சாம் தேதிக்கே வேற இடத்துக்குத் தானா போற மாதிரி வங்கியில சொல்லி வைங்க.

எங்க போகணும்? நல்லாக் கவனிச்சா, பல வீடுகள்ல கடன் திரும்ப வர்றது ஆஸ்பத்திரியால மட்டும் இல்ல. எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிஞ்ச செலவாலதான். ஜூன் மாசம் ஸ்கூல் ஃபீஸ் 25,000. தீபாவளி 15,000. இன்சூரன்ஸ் 12,000. மொய் வருஷத்துக்கு 8,000. கூட்டினா 60,000, பன்னிரண்டால வகுத்தா மாசம் 5,000. தீபாவளி என்ன திடீர்னா வருது? ஆனா வருஷா வருஷம் அதிர்ச்சியடையுறோம். அந்த 5,000ஐ வங்கியில 12 மாச ஆர்.டி.யா, அதாவது மாசா மாசம் கட்டுற தொடர் வைப்பா போடுங்க. போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. நல்லதுதான், ஆனா அது 5 வருஷம், 3 வருஷத்துக்கு முன்னாடி மூட முடியாது, இந்த வேலைக்கு ஒத்து வராது. நகைச் சீட்டும் இதுக்கு ஆகாது, பதினோரு மாசம் கட்டினா நகைதான் கிடைக்கும், நகையை வெச்சு ஸ்கூல் ஃபீஸ் கட்டணும்னா திரும்ப அடமானக் கடைதான்.

அடுத்த 3,000 அவசரத்துக்கு, தனி சேமிப்புக் கணக்குல. அந்தக் கணக்குக்கு ஜி.பே. இணைக்காதீங்க.

மிச்சம் 1,500 இருக்கு இல்லையா, அதுக்குத்தான் இந்த வீடியோவே. அது ஜாலிக்கு. சிரிக்காதீங்க, இது சேமிப்பை விட முக்கியம்னு கூடச் சொல்வேன். ஒரு பைசா கூட ஆசைக்கு ஒதுக்காத திட்டம் ஏழெட்டு மாசத்துல உடையும். உடையும்போது ரெண்டாயிரத்துல உடையாது, ஒரேயடியா அறுபதாயிரம் ரூபாய் டி.வி.யா உடையும்.

ரொக்கமா எடுத்து, ஆளுக்கு ஒரு கவர் போடுங்க. அப்பா, அம்மா, பிள்ளைன்னா தலைக்கு 500. அந்தக் கவருக்குக் கணக்குக் கேட்கக் கூடாது. கேட்டா அது ஜாலி இல்ல, ஆடிட். முக்கியமா அம்மாக்கள், உங்க கவரைப் பிள்ளை நோட்டுக்கும் காய்கறிக்கும் கொடுத்துடாதீங்க. சேர்த்து வெச்சு அடுத்த மாசம் செலவு பண்ணலாம், கடன் வாங்கி முன்னாடியே செலவு பண்ணக் கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

500 ரூபாய்க்கு என்ன பண்றதுன்னா, நிறைய இருக்கு. டர்ஃப், அதான் வாடகைக்கு விடுற செயற்கைப் புல் மைதானம், ஒரு மணி நேரம் ஆயிரம்னா, 12 பேர் சேர்ந்தா தலைக்கு நூறு கூட ஆகாது. நாற்பத்தஞ்சு வயசுல ஆடுறவங்க முதல் மூணு வாரம் வேகமா ஓடாதீங்க, காலோட பின்பக்கத் தசை பிடிச்சுக்கும். கேரம் போர்டு, ஒரு டப்பா பவுடர், தெருவே கூடிடும். சென்னையில கோட்டூர்புரம், மதுரையில நத்தம் ரோடு, ரெண்டு பெரிய நூலகத்துலயும் நாள் முழுக்க உக்காந்து படிக்கலாம். பெண்களுக்கு சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ் இலவசம், தோழிகளோட கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டு வாங்க, சும்மா.

பழைய சைக்கிள் வாங்கணும்னு நிறையப் பேருக்கு ஆசை. கடையில புதுசை 'வட்டியில்லாத் தவணை'ன்னு நீட்டுவாங்க. ரொக்கத்துக்குக் கிடைக்கிற தள்ளுபடி அதுல போயிடும், ப்ராசஸிங் கட்டணம் வேற, கிரெடிட் கார்டு தவணைன்னா வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேற. பழசே எடுங்க. பின் சக்கரத்தைத் தூக்கிச் சுத்தி விட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியைப் பாருங்க, கூடிக் குறைஞ்சா ரிம் கோணல். பெடல் தண்டைப் பிடிச்சுப் பக்கவாட்டுல ஆட்டுங்க, டக்கு டக்குன்னு ஆடினா பேரிங் போச்சு. டயர் ஓரத்துல வெடிப்பு இருந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்க, டயர் மாத்திக்கலாம். ஃபிரேம் வெல்டிங்ல பெயின்ட் மட்டும் புதுசா மின்னுச்சுன்னா, அண்ணே ரொம்ப நன்றின்னு சொல்லிட்டு நடையைக் கட்டுங்க.