மாநாட்டு மேசைக்கு முதலில் நல்ல தண்ணீர்

நேயர்களுக்கு வணக்கம். சிக்கலான பாய்மங்கள் பற்றி வேலூரில் மாநாடு நடந்தால் உள்ளூர்க்காரர்களான நாம் எப்படி உதவலாம் என்று பார்ப்போம். பற்பசை, பெயின்ட், ஷாம்பு, தோசை மாவு, நம் உடம்பில் ஓடும் ரத்தம் எல்லாவற்றையும் சிக்கலான பாய்மங்கள் என்று அறிவியலில் ஒரே குடும்பமாக வைத்துப் பேசுகிறார்கள். பற்பசை அழுத்தினால் வரும், விட்டால் நிற்கும். சோளமாவுக் (கார்ன் ஃப்ளார்) கரைசலோ வேகமாகக் குத்தினால் கெட்டியாகும். இதே குடும்பத்தில் வரும் திரவப் படிகங்கள், பாலிமர்கள் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகள்) பற்றிய ஆய்வுக்காகத்தான் 1991-ல் பிரெஞ்சுக்காரர் பியர் ழில் த ஜென் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலில் ஊறிய வட்டாரம் நம்முடையது. தோலே கொலாஜன் என்ற புரத இழைகளின் பின்னல்தானே! இந்தத் துறைக்கு வேலூரில் மாநாடு நடத்துவது மிகவும் பொருத்தம்.

மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் உதவ நம் ஊரில் ஆள் கிடைப்பார்கள். மறந்துபோவது தண்ணீரையும் வெயிலையும்தான். வருகிறவர்களுக்குச் செய்துகாட்டும் செய்முறை மேசையில் பாதிச் சோதனைகள் கெடுவதும் அவற்றால்தான்.

பாலாற்றுப் படுகையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. தோல் கழிவு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-ல் தீர்ப்பே வந்தது. அந்தத் தண்ணீரில் கார்போபால் என்ற பாலிமர் தூளைக் கொண்டு ஜெல் செய்தால் சரியாகக் கெட்டிப்படாது. காய்ச்சி வடித்த நீரைக் கேன் கேனாக வாங்கித் தருவதே பெரிய உதவி. 100 மில்லிக்கு அரை கிராம் தூள் போதும். மொத்தமாகக் கொட்டாமல், சுழலும் தண்ணீரில் சல்லடை வழியாகத் தூவுங்கள். இல்லாவிட்டால் வெளியே ஊறி உள்ளே காய்ந்த கட்டிகள் மிதக்கும். நன்றாக ஊறியதும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அமிலமும் காரமும் இல்லாத பிஎச் 7-க்குக் கொண்டுவர வேண்டும். அதுவரை நீர்த்துக் கிடந்தது, கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டிப்படும். பாலிமர் சங்கிலிகளில் ஒரே வகை (நெகட்டிவ்) மின்சுமை ஏறி, ஒன்றையொன்று தள்ளி விரிவதுதான் காரணம். மெதுவாகக் கிளறுங்கள், இதில் சிக்கிய காற்றுக் குமிழி தானாக மேலே வராது.

உப்பு அந்த மின்சுமையை மறைக்கும், சங்கிலி சுருங்கிவிடும். வருகிறவர்களுக்கு இதையே காட்டலாம். கெட்டி ஜெல்லில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கிளறினால் கண்ணெதிரே இளகி ஒழுகும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

அடுத்தது வெயில். ஜெல்லி செய்யும் ஜெலட்டின் 30 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். வேலூர் மே மாதத்தில் 40-ஐத் தாண்டும். அதற்குப் பதில் 100 மில்லிக்கு 1 கிராம் அகர் (கடற்பாசியில் எடுக்கும் தூள்) போட்டுக் கொதிக்கவைத்துக் கரையுங்கள். சுமார் 35 டிகிரிக்கு ஆறும்போது உறையும், மறுபடி இளக 85 டிகிரி வேண்டும். குத்தினால் கெட்டியாகும் கரைசலுக்கு, சோளமாவு 100 கிராமுக்குத் தண்ணீர் 80 மில்லி அளவு. தண்ணீர் கூடினால் குத்தியும் கெட்டியாகாது. ஒரே நாளில் புளித்துவிடும், அன்றன்று கரையுங்கள். மிச்சத்தைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

பாய்மம் எப்படி ஓடுகிறது என்று அளக்கும் ரியோமீட்டர் இரவல் வந்தால் யுபிஎஸ் கட்டாயம். தண்டு அழுத்தக் காற்றில் மிதந்து சுழலும் ஏர் பேரிங் உள்ள கருவியானால், காற்று வராத நேரத்தில் தண்டைக் கையால் சுற்றக் கூடாது, பூட்டிய பிறகே இடம் மாற்ற வேண்டும். ஃபேன் காற்றில் தட்டின் விளிம்பில் மாதிரி காய்ந்து ஆடை கட்டினால் பாகுநிலை (ஓடவிடாத கெட்டித்தன்மை) உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். நீர் கலந்த மாதிரிக்கு விளிம்பைச் சுற்றி மெல்லிய சிலிகோன் எண்ணெய் இடுங்கள்.

வெளியூரார் கொண்டுவரும் பால்மங்களை (எண்ணெய்த் துளிகள் நீரில் கலந்தவை) ஃப்ரீசரில் வைக்காதீர்கள். பனிப் படிகங்கள் எண்ணெய்த் துளிகளை நெருக்கி ஒன்றாக்கி, எண்ணெய் பிரிந்துவிடும். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு போதும். டப்பாவில் உள்ளே என்ன, யாருடையது, எந்த வெப்பநிலை என்று எழுதி ஒட்டுங்கள். ஃப்ரிட்ஜ் இருக்கும் அறையின் சாவி ஒன்று ராத்திரி காவலாளியிடமும் இருக்கட்டும். காட்பாடியில் விடியற்காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் உண்டு.