முட்டைக்குள்ள புழு இருந்தா என்ன அர்த்தம்?

வணக்கம் நேயர்களே. புக்கிட் மெர்தாஜாம், நிபோங் திபால் பக்கம் கேட்டுக்கிட்டு இருக்கிறவங்க நிறைய பேர் வீட்டுப் பின்னாடி நாலு நாட்டுக்கோழியாவது நிக்கும். அந்தக் கோழிங்க வயித்துப் பூச்சியப் பத்தித்தான் பேச வந்திருக்கேன். 30 வருஷமா கோழி பாக்குறேன், எனக்கு இது முக்கியமான விஷயம்.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தவங்க கையில மங்கோட வந்து நின்னாங்க. உடைச்சு ஊத்துன முட்டை, வெள்ளைக்கருவுல வேகவச்ச சேமியா மாதிரி ஒரு புழு, விரல் நீளம் இருக்கும், ரெண்டு முனையும் கூரா. அவங்க மக பெரிய மனுஷியாகி அஞ்சு நாள், தினம் காலையில பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் குடிக்குது. "தம்பி, நாலு முட்டை குடிச்சிட்டாளே, பிள்ளை வயித்துல பூச்சி வளந்துருமா"ன்னு கேட்டு அழுதுட்டாங்க.

வளராதுக்கா, இது கோழியோட பூச்சின்னு சொன்னேன். மனுஷனுக்கு வர்ற உருண்டைப்புழு வேற இனம், இது நம்ம குடல்ல குடியிருக்காது. சரி முட்டைக்குள்ள எப்படிப் போச்சு? கோழிக்கு எச்சம் வர்ற வழியும் முட்டை வர்ற வழியும் கடைசியில ஒரே வாசல்தான், குடல்ல இருந்து வழி தவறுன புழு முட்டைப் பாதையில ஏறிடும், ஓடு மூடுறதுக்கு முன்னாடி உள்ள மாட்டிக்கும். ரொம்ப அபூர்வம். ஆனா அப்படி ஒரு முட்டை வந்தா அந்தக் கோழி வயித்துல பூச்சி நிறைய இருக்குன்னு எடுத்துக்கலாம்.

நான் அக்காகிட்ட கெஞ்சிக் கேட்டது வேற. பச்சையா கொடுக்காதீங்க. சால்மொனெல்லா கிருமி கண்ணுக்குத் தெரியாது, சுத்தமா பளபளன்னு இருக்கிற முட்டையிலயும் இருக்கலாம், ஓட்டுலயும் இருக்கும் சில நேரம் உள்ளயும் இருக்கும், 6 மணி நேரத்துல இருந்து 6 நாளுக்குள்ள காய்ச்சல், வயித்துவலி, வயித்துப்போக்குன்னு போட்டுப் படுத்திடும். அந்தப் பிள்ளைக்கு நல்லவேளை ஒண்ணும் ஆகல. மறுநாள்ல இருந்து அவிச்சுக் கொடுத்தாங்க, நல்லெண்ணெயத் தனியா கொடுத்தாங்க, சடங்குக்கு ஒரு குறையும் வரல. மஞ்சக்கரு கெட்டியாகணும், திரும்பவும் சொல்றேன், மஞ்சக்கரு கெட்டியாகணும்.

இப்ப மண்ணுக்கு வருவோம். கோழிக்குப் பூச்சி மண்ணுல இருந்துதான் வருது. எச்சத்துல புழுவோட முட்டை விழுது, ஈரமும் சூடும் இருந்தா ரெண்டு மூணு வாரத்துல தயாராயிடும், கோழி கொத்துது, சில நேரம் மண்புழு வழியாவும் போகுது. நம்ம ஊரு மழைக்கு ரம்புத்தான் மர நிழல்ல கூண்டு கட்டி அதே இடத்துல வருஷக்கணக்கா வச்சிருந்தா கேக்கவே வேணாம். ஐரோப்பாவுல 2012-ல பழைய கம்பிக்கூண்டுகளைத் தடை பண்ணாங்க, நிறைய பண்ணையில கோழிங்கள தரையில விட்டாங்க, கோழிக்கு நல்லதுதான், ஆனா இந்தப் பூச்சியும் மறுபடி தலைவலியா வந்துருச்சு. அதுக்காக கூண்டுல அடைங்கன்னு சொல்ல வரல. இடத்த மாத்துங்க, காய விடுங்க, வெயில் படட்டும்.

காலையில கோழி இறங்குனதும் அது ராத்திரி ஒக்காந்த கட்டைக்கு அடியில குனிஞ்சு பாருங்க. எச்சத்துல அரிசி மாதிரி வெள்ளையா ஒட்டியிருந்தா அது நாடாப்புழு, எறும்பு வண்டு தின்னு வர்றது. 3 மாசத்துக்கு உள்ள இருக்கிற குஞ்சுதான் ரொம்ப அடிபடும், கொண்டை வெளுத்து, றெக்கை தொங்கி, தூக்கிப் பாத்தா நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்தும். கண்ணு வீங்கி தண்ணி வடிஞ்சா கண்புழுவாவும் இருக்கலாம், அது கரப்பான் தின்னு வருது.

தயாரிப்பாளர் கை காட்டுறாங்க, ரெண்டே விஷயம். பூச்சி மருந்து கொடுத்தா எத்தனை நாள் முட்டையும் கறியும் சாப்பிடக்கூடாதுன்னு லேபிள்ல போட்டிருக்கும், லேபிள் இல்லாம பாட்டில்ல ஊத்திக் கொடுக்கிற மருந்த வாங்காதீங்க, கால்நடை இலாகாவுல கேளுங்க. அடுத்தது பிள்ளைங்க. கோழி மேயுற அதே மண்ணுலதான் நாயும் பூனையும் போகுது, அதுங்களோட பூச்சி பிள்ளைங்களுக்கு வரும், செலிப்பர் போட்டு விடுங்க, விளையாடிட்டு வந்ததும் சோப்புப் போட்டு கை கழுவச் சொல்லுங்க. கோழி ஈரலப் பத்தியும் சொல்லணும், நேரம் இல்ல, நடுவுல சிவப்பு இல்லாம நல்லா வேகவைங்க. வணக்கம்.