திருமலை வீதிகளுக்கு ஒரே கியர்: எத்தனை பல்?

[திரையில்: கவிழ்த்து வைத்த சைக்கிள். பின் டயரில் வெள்ளைச் சோக்குக் கோடு.]

சைக்கிளைக் கவிழ்த்து வையுங்கள். பின் டயரில் சோக்கால் ஒரு கோடு போடுங்கள். சில்லு தானாக ஓடிவிடாதபடி ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொண்டு, பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். அந்த ஒரு சுற்றுக்குச் சில்லு எத்தனை தடவை சுற்றியது என்று கோட்டைப் பார்த்து எண்ணுங்கள். இரண்டரைக்குக் கிட்ட வந்தால் வண்டி திருகோணமலைக்கு ஏறக்குறையச் சரி. மூன்றை நெருங்கினால், நீங்கள் தேவையில்லாமல் கஷ்டப்பட்டு உழக்குகிறீர்கள்.

இதே எண்ணைப் பற்களை எண்ணியும் எடுக்கலாம். பெடலோடு இருக்கிற செயின்வீலின் பற்களைப் பின்னால் இருக்கிற ஃப்ரீவீலின் பற்களால் வகுத்தால் போதும். முன்னால் 44, பின்னால் 18 என்றால் 2.44. முன்னால் 46, பின்னால் 16 என்றால் 2.88.

ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து நண்பரின் வண்டியோடு ஒப்பிடக் கூடாது, சில்லின் அளவும் சேர்ந்துதான் கணக்கு. பழைய பாணி 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீற்றர் ஓடும். 26 அங்குல மவுண்டன் சில்லு 2.07 மீற்றர். அதனால் 28 அங்குல வண்டியில் 44க்கு 18 போட்டவரும், 26 அங்குல வண்டியில் 42க்கு 16 போட்டவரும் ஒரு பெடல் சுற்றுக்குக் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான் போகிறார்கள்: 5.4 மீற்றர். இனி நாம் இந்த மீற்றர் கணக்கிலேயே பேசுவோம்.

[திரையில்: ஆளுயர முன்சில்லோடு பழைய சைக்கிள் ஒன்றின் கோட்டுப்படம்.]

1870களில் பெடல் நேரே முன்சில்லின் அச்சில்தான் இருந்தது. கால் ஒரு சுற்று, சில்லும் ஒரு சுற்று. கூட வேகம் வேண்டுமென்றால் சில்லைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. 1885இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிளில் செயினும் இரண்டு பற்சில்லுகளும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. நாம் இன்று உழக்குவதும் அடிப்படையில் அதே அமைப்புத்தான். டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில்கூட, ஓடிக்கொண்டே செயினை மாற்றுகிற கியருக்கு 1937 வரைக்கும் அனுமதி இல்லை. வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சில்லைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபக்கத்தில் இருந்த பெரிய பற்சில்லோடு ஏறினார்கள். ஒரே கியர் என்பது ஏழைக்கு ஏற்ற குறைச்சல் ஏற்பாடு என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, நம் ஊருக்கு வருவோம். திருமலையில் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் முதலில் யோசிப்பது மேட்டைப் பற்றித்தான். உவர்மலை ஏற்றம், கோட்டை வாசல் தாண்டிக் கோணேசர் கோவில்வரை போகிற ஏற்றம். இரண்டும் ஏற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவை கொஞ்சத் தூரத்தில் முடிந்துவிடும். எழும்பி நின்று உழக்கலாம். ஏலாவிட்டால் இறங்கி உருட்டலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மிச்ச ஊர் பெரும்பாலும் சமதரை. உப்புவெளி தாண்டி நிலாவெளிவரைக்கும் அப்படித்தான்.

நம்மை உண்மையில் களைக்க வைப்பது காற்று.

மே மாதத்திலிருந்து செப்டெம்பர்வரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து, தரைப் பக்கமாகச் சூடாக வரும். மழைக்காலத்தில் வாடை வடகிழக்கிலிருந்து, கடல் பக்கமாக வரும். நகரத்திலிருந்து சீனன்குடாப் பக்கம் வேலைக்குப் போகிறவருக்குக் கச்சான் நேரே முகத்தில் அடிக்கும். வாடைக் காலத்தில் அவருக்கு வீடு திரும்புகிற பயணம்தான் எதிர்க்காற்று.

[திரையில்: சைக்கிள்காரரை நோக்கி அம்புக்குறிகள். 18 + 18 = 36.]

காற்றின் தடை, நம்மில் படுகிற காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 18 கிலோமீற்றர் வேகக் காற்று. உங்கள் நெஞ்சில் படுவது 36 கிலோமீற்றர் காற்று. தடை இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு. மேட்டைப்போல அது ஐந்து நிமிடத்தில் முடிவதும் இல்லை.

அந்தக் காற்றில் உங்கள் வேகம் 14 கிலோமீற்றருக்கு இறங்குகிறது என்று வையுங்கள். கடையில் மெல்லிய டயரோடு, 46க்கு 16 போட்டு வருகிற ஸ்டைலான ஒற்றைக் கியர் வண்டி ஒரு சுற்றுக்கு 6 மீற்றர் போகும். அதில் உங்கள் கால் நிமிடத்துக்கு 39 தடவைதான் சுற்றும். ஒவ்வொரு சுற்றும் முழங்காலில் இறங்கும். 28 அங்குல வண்டியில் 44க்கு 20 போட்டால் ஒரு சுற்றுக்கு 4.84 மீற்றர், கால் 48 தடவை சுற்றும். அதே வேகம்தான், முழங்காலுக்குத்தான் பெரிய வித்தியாசம்.

"சின்னக் கியர் போட்டால் சமதரையில் வேகம் வராதே?" வரும். 5.4 மீற்றர் கியரில் நிமிடத்துக்கு 70 சுற்று உழக்கினால் மணிக்கு 22 கிலோமீற்றருக்கு மேல் போகிறீர்கள். பஸ், முச்சக்கர வண்டி, மாடு, மான் எல்லாம் வீதியில் நிற்கிற ஊரில் அதற்கு மேல் வேகம் எதற்கு? இறக்கத்தில் ஃப்ரீவீல் தானாக ஓடும், கால் சும்மா இருக்கலாம். அங்கே தேவை நல்ல பிரேக். அப்புறம், அனுராதபுரச் சந்தியிலோ மணிக்கூட்டுக் கோபுரத்தடியிலோ நின்று நின்று புறப்படும்போது, 6 மீற்றர் கியருக்கு 5.4 மீற்றர் கியரைவிடப் பத்து வீதத்துக்கு மேல் கூடுதல் பலம் கொடுக்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது: தனியாக ஓட்டுகிறவருக்கு 5.2 முதல் 5.5 மீற்றர். பிள்ளையை ஏற்றிப் போகிறவர், கரியரில் மீன்பெட்டி கட்டுகிறவர், வயதானவர்கள், கச்சானுக்குள் தினமும் தூரம் போகிறவர்கள் 4.8க்கு இறங்குங்கள். இரண்டுக்கும் நடுவே முடிவெடுக்க முடியாமல் நின்றால், சின்னக் கியரையே எடுங்கள்.

மாற்றுவது பெரிய செலவுள்ள வேலையில்லை. முன் செயின்வீலைத் தொட வேண்டாம், பின் ஃப்ரீவீலை மாற்றுங்கள். 18 பல்லுக்குப் பதில் 20 போட்டால் பின் அச்சு ஆறு மில்லிமீற்றர்தான் முன்னே வர வேண்டும், பெரும்பாலும் பழைய செயினே போதும். செயின் தேய்ந்திருந்தால் மட்டும் இரண்டையும் ஒன்றாக மாற்றுங்கள். தேய்ந்த செயின் புதுப் பல்லையும் சாப்பிட்டுவிடும்.

கடையில் வாங்கும்போது செயினின் அகலத்தைச் சொல்லுங்கள். பழைய ஒற்றைக் கியர் வண்டிகளில் எட்டில் ஒரு அங்குல அகலச் செயின், பல கியர் வண்டிகளில் அதைவிட ஒடுங்கியது. ஒடுங்கிய செயின் அகலப் பல்லில் இருக்காது. ஃப்ரீவீல் நாம் உழக்க உழக்க இறுகுகிற பொருள், கழற்றுவதற்குச் சரியான சாவியும் நல்ல பலமும் வேண்டும். அந்த வேலையைச் சைக்கிள் கடைக்காரரிடம் விடலாம். புதியதைப் பூட்டுமுன் புரியில் கொஞ்சம் கிறீஸ் பூசச் சொல்லுங்கள், அடுத்த முறை கழற்றும்போது உதவும்.

[திரையில்: செயினின் நடுப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துக் காட்டுகிறோம்.]

பூட்டி முடிந்ததும் செயினை நடுவில் பிடித்து அசையுங்கள். மேலும் கீழுமாக ஒரு சென்ரிமீற்றர் அளவு ஆட வேண்டும். பெடலை மெதுவாகச் சுற்றி, செயின் மிக இறுகுகிற இடத்தில்தான் இதைப் பாருங்கள். பின்சில்லு நேராக நிற்கிறதா, நட்டு இரண்டு பக்கமும் இறுகியிருக்கிறதா, சில்லு முன்னே வந்ததால் பிரேக் கட்டை இன்னும் விளிம்பில் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு வீதிக்கு இறங்குங்கள்.