ஊருணிக் கரையில் நினைவுப் பூங்கா

அவைத் தலைவர் அவர்களே, பேரூராட்சித் தலைவர் அவர்களே, தீயணைப்பு நிலைய அலுவலர் அவர்களே, சீருடையோடு வந்திருக்கும் வீரர்களே, கோயில் காரியக்காரர்களே, இந்தப் பந்தலுக்குப் பொருளுதவிய நகரத்தார் பெருமக்களே, ஆச்சிமார்களே, வணக்கம். பொன்னாடை போர்த்தியவர்களுக்குத் தனி வணக்கம். சித்திரை வெயிலுக்கு ஈரிழைத் துண்டே போதும்.

மாண்ட தீயணைப்பு வீரர்களின் நினைவாக அமையவிருக்கும் பூங்காவைப் பற்றி மூன்று செய்தி: நினைவுத் தூண் எப்படி இருக்கவேண்டும், மரம் எது வைக்கவேண்டும், தண்ணீர் எங்கிருந்து வரும்.

வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுவதா என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். அதை மனத்தில் வையுங்கள்.

தீயணைப்போர் நாள் ஏன் ஏப்ரல் 14? 1944-இல் அன்றைக்குப் பம்பாய் விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் நின்றது. உள்ளே பருத்திப் பொதி. கூடவே 1,400 டன் அளவில் வெடிபொருள். பஞ்சையும் வெடிமருந்தையும் சேர்த்து அடுக்கிய புத்தியை என்னவென்பது! நண்பகலுக்குப் பின் புகை கிளம்பியது. வீரர்கள் டன் டன்னாகத் தண்ணீரைக் கொட்டினார்கள்; தீ எங்கே கனல்கிறதென்று பிடிபடவில்லை, கொட்டிய நீரும் கொதித்தது. மாலை 4 மணி 6 நிமிடத்துக்குக் கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர் 66 பேர் மாண்டார்கள். கப்பலில் தங்கக் கட்டிகளும் இருந்தன. அவையும் வானில் பறந்தன. சில பல ஆண்டு கழித்துத் துறைமுகத்தைத் தூர்வாரும்போது கிடைத்தன. தங்கம் என்றதும் பின்வரிசை நிமிர்கிறது! நம் ஊருணியிலும் தங்கம் கிடக்கிறது என்று சொன்னால்தான் தூர்வாருவீர்களோ?

சொல்ல வந்ததே அதுதான். ஒரு தீயணைப்பு வண்டியில் சாதாரணமாக 4,500 லிட்டர் நீர். குழாய்முனையில் பீறிடும் ஒரு தாரை நிமிடத்துக்கு 250 லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், இரண்டு தாரைக்கு ஒன்பதே நிமிடம். முகப்பில் தொடங்கிப் பின்தெருவரை நீளும் வீட்டில் பர்மாத் தேக்கு உத்தரம் பற்றிக்கொண்டால் ஒன்பது நிமிடத்திலா அடங்கும்? வண்டி மறுபடி நீர் பிடிக்க ஓடவேண்டும். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டுகிற கதை இதுதான்.

ஆகவே பூங்கா ஊருணிக் கரையில் அமையட்டும். கரையில், வண்டி நின்று பம்பால் ஊருணி நீரை இழுத்துக்கொள்ள உறிஞ்சுமேடை ஒன்று வேண்டும். நீர் நிரம்பிய வண்டி பத்து டன்னுக்கு மேல் கனக்கும். வெறும் மண்கரை உள்வாங்கும், கான்கிரீட் தளம் போடுங்கள். பம்புக்கும் நீர்மட்டத்துக்கும் உயரம் ஏழு மீட்டரைத் தாண்டினால் நீர் ஏறாது. கோடையில் மட்டம் இறங்கும். அந்தக் கணக்கில் மேடையைத் தாழ்த்திக் கட்டவேண்டும். உறிஞ்சுகுழாயின் சல்லடை நீருக்குள் அரை மீட்டராவது அமிழ்ந்திருக்கவேண்டும். மேலே கிடந்தால் சுழி விழுந்து காற்றை இழுக்கும், பம்பு வெறுமனே சுற்றும். அடியில் சேறு தட்டினாலும் ஆகாயத்தாமரை வேர் சுற்றினாலும் சல்லடை அடைபடும். இணைப்பில் ரப்பர் வாசர் தேய்ந்திருந்தாலும் காற்றுப் புகும்; வண்டி பழுதென்று ஓட்டுநரைத் திட்டுவார்கள். குழாய் நடுவில் மேடுதட்டக் கூடாது, நீரிலிருந்து பம்புவரை ஏறுமுகமாகவே போகவேண்டும்.

இத்தனையும் செய்து, மழைநீரை ஊருணிக்குக் கொண்டுவரும் வரத்துக்காலை அடைத்து வைத்திருந்தால்? ஊருணி நிரம்புவது அந்தக் கால்வாயால்தானே. சில இடத்தில் வரத்துக்கால்மேல் கடையே கட்டியிருக்கிறார்கள். பேரூராட்சித் தலைவர் அவர்கள் சிரிக்கிறார். எந்தக் கடை என்று அவருக்குத் தெரியும். கிணறு வெட்டவும் வேண்டாம், முன்னோர் வெட்டிய ஊருணிக்கு வழி விட்டால் போதும்.

தலைவர் மணியடித்துவிட்டார். தூணும் மரமும் அப்படியே நிற்கின்றன. மரத்துக்கு ஒரே வார்த்தை: உறிஞ்சுமேடைக்குப் பக்கத்தில் வேண்டாம், சருகு விழுந்து சல்லடையை அடைக்கும். வணக்கம்.