திருப்பூட்டுக்கு 8 நாள், இமைக்கு 6 வாரம்

வணக்கம். கண் டாக்டரை வானொலிக்குக் கூப்பிட்டால் கண்புரை, சர்க்கரை, கண்ணாடி பவர் என்று ஏதாவது பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள், நானும் முதலில் அப்படித்தான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். ஆனால் கொஞ்ச காலமாக என் அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கண் சரியாகத் தெரியவில்லை என்று வருவதில்லை, தன் கண் அடுத்தவருக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்க வருகிறார்கள். சரி, இன்றைக்கு இமையைப் பற்றியே பேசிவிடுவோம். கத்தி இல்லாமல் ஊசியாலும் லேசராலும் சொட்டு மருந்தாலும் இமையை இளமையாக்கித் தருகிறோம் என்கிறார்களே, அந்தக் கதை.

ஒரு ஆச்சியிலிருந்து தொடங்குகிறேன், அவரைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார். காரைக்குடியைச் சுற்றி நகரத்தார் ஊர் எழுபதுக்கு மேல் இருக்கிறது, அதில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் வீட்டுச் செட்டியாருக்கு அறுபது நிறைகிறது, அறுபதாம் கல்யாணச் சாந்திக்கு நாள் பார்த்தாயிற்று, மலேசியாவிலிருந்து பங்காளிகள் டிக்கெட் போட்டுவிட்டார்கள், வீட்டில் வெள்ளையடிப்புகூட முடிந்துவிட்டது. ஆச்சி என் எதிரில் வந்து உட்கார்ந்து, வலது கண்ணை மறைத்துப் பிடித்திருந்த முந்தானையை மெதுவாக எடுத்தார். மேலிமை பாதிக் கண்ணுக்கு இறங்கியிருந்தது. இப்படி இமை தொங்குகிறவர்கள் தன்னை அறியாமலே நெற்றியைச் சுருக்கிப் புருவத்தைத் தூக்கித்தான் பார்ப்பார்கள், இவருக்கு நெற்றியில் ஒரு கோடு விழவில்லை, ஆத்தங்குடிக் கல் மாதிரி மழமழவென்று இருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்க போட்டீங்க ஆச்சி?"

"பேத்தி கூட்டிட்டுப் போனா டாக்டர். ஊசிதான, ஒண்ணும் பண்ணாதுன்னாங்க. சாந்திக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு."

ஒரு பெரிய நகரத்தில், ஆறு நாளைக்கு முன்னால், நெற்றியிலும் புருவ நடுவிலும் போடாக்ஸ். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு பார்லரில் ஃபேஷியல், முகம் முழுக்க நல்ல அழுத்தமான மசாஜ். இமை இறங்கியதற்கு ஊசி போட்ட இடம் காரணமா, மசாஜ் காரணமா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஊசி போட்ட அன்றைக்கு அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது என்று அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை, எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான்.

போடாக்ஸ் என்பது கம்பெனி வைத்த பெயர். மருந்தின் பெயர் பொட்டுலினம் டாக்ஸின். டாக்ஸின் என்றால் நஞ்சுதான், மறைக்க ஒன்றுமில்லை. 1895இல் பெல்ஜியத்தில் ஒரு கிராமத்துச் சாவு வீட்டில் வாசிக்க வந்த வாத்தியக்காரர்கள், பதம் கெட்ட பன்றித்தொடையைச் சாப்பிட்டு வரிசையாக விழுந்தார்கள், மூன்று பேர் செத்தே போனார்கள். வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் அந்தக் கறியிலிருந்துதான் இந்த நஞ்சைச் சுரக்கும் கிருமியைப் பிரித்தெடுத்தார். அந்த நோயில் முதலில் தெரியும் அடையாளம் என்ன தெரியுமா, இமை தொங்குவதும் பார்வை இரட்டையாவதும். நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராமல் இந்த நஞ்சு தடுத்துவிடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. இதையே துளியிலும் துளியாக எடுத்து, மாறுகண்ணுக்கு மருந்தாக்கியவர் ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் டாக்டர். 1989இல் அங்கே மாறுகண்ணுக்கும், கண் தானாக இறுக மூடிக்கொள்ளும் நோய்க்கும் அனுமதி கிடைத்தது. அதற்குள் கனடாவில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் டாக்டர், அந்த இறுகும் கண்ணுக்கு ஊசி போட்ட நோயாளிகளுக்குப் புருவ நடுக் கோடுகள் மறைவதைக் கவனித்து, தோல் டாக்டரான கணவரிடம் சொல்ல, அழகு வைத்தியம் அங்கே பிறந்தது. புருவ நடுக் கோட்டுக்கு அமெரிக்க அனுமதி 2002இல், சிரித்தால் கண்ணோரம் விரியும் கோடுகளுக்கு 2013இல். ஆக, இது கண் டாக்டர்கள் வீட்டுப் பிள்ளைதான், எங்களுக்கு இதன் மேல் விரோதம் ஒன்றும் கிடையாது.

கைப்பழக்கம் உள்ளவர் போட்டால் பலன் நன்றாகவே இருக்கும். மூன்று நாலு நாளில் தெரிய ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுசாகி, மூன்று நாலு மாதத்தில் பழையபடி ஆகிவிடும். கோடு போகும். தொங்குகிற தோல் போகாது, கீழிமைப் பை போகாது. இதைச் சொல்லாமல் காசு வாங்கினால் அது ஏமாற்று.

இனி கணக்குக்கு வருகிறேன். ஆச்சி சாந்திக்குச் சரியாக 14 நாள் முன்னால் போட்டிருக்கிறார். பலனுக்கு அந்தக் கணக்கு சரி. கோளாறு வந்தால் ஆற வேண்டிய நாளை மட்டும் யாரும் எண்ணவில்லை. நெற்றியில் போட்ட மருந்து கொஞ்சம் கீழே கசிந்து, மேலிமையைத் தூக்கும் தசையைப் போய்த் தொட்டுவிட்டால் இமை இறங்கிவிடும், அது தானாக ஏற இரண்டிலிருந்து ஆறு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். போட்ட மருந்தைத் திரும்ப எடுக்க மாற்று மருந்து எதுவும் இல்லை. நல்ல டாக்டர் கையிலும் நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு நடக்கக்கூடியதுதான் இது. அதனால் வீட்டில் விசேஷம் என்றால், மூன்று மாதம் முன்னால் ஒரு தடவை போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் விசேஷம் முடிந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்குப் பதினைந்து நாள் முன்னால், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஊசி போடுவது மாதிரி அசட்டுத் தைரியம் வேறில்லை.

கீழிமைக்குப் போடுவதென்றால் இன்னொரு விஷயம். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று கீழிமையை மெதுவாகக் கீழே இழுத்து விடுங்கள். இமை கொட்டுவதற்கு முன்பே டக்கென்று ஒட்டிக்கொண்டால் நல்லது. சோம்பலாகத் திரும்பி வந்தால் உங்கள் கீழிமை ஏற்கெனவே தளர்ந்திருக்கிறது, அதில் ஊசி போட்டால் இன்னும் விலகி, கண் முழுசாக மூடாது, தண்ணீர் வடியும், உறுத்தும். நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து தடவை கொட்டி, கருவிழியை ஈரத் துணியால் துடைப்பது போலத் துடைக்கிற உறுப்பு இது. இதோடு போய் ஹோமப் புகையில் இரண்டு மணி நேரம் உட்காருவதை நினைத்துப் பாருங்கள்.

அப்புறம் ஃபில்லர். கண்ணுக்குக் கீழே விழும் பள்ளத்தை ஹையலுரானிக் அமிலம் என்ற ஜெல்லால் நிரப்புவது. பள்ளத்தால் வரும் நிழலைத்தான் கருவளையம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது நன்றாக எடுபடும். நம் ஊரில் பெரும்பாலும் தோலே கறுத்திருக்கும், அம்மாவுக்கு இருக்கும், அம்மாச்சிக்கு இருந்திருக்கும், அல்லது அலர்ஜியில் தேய்த்துத் தேய்த்துக் கறுத்திருக்கும். அதற்கு ஜெல் போட்டுப் பயனில்லை. இமைத் தோல் அரை மில்லிமீட்டர் கனம்கூட வராது, உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதான், ஜெல்லை மேலாகப் போட்டால் உள்ளிருந்து நீலமாகத் தெரியும், வானம் நீலமாகத் தெரிகிற அதே வெளிச்ச விளையாட்டு. சிலருக்கு வருஷக் கணக்கில் கரையாமல் கிடந்து, காலையில் எழுந்தால் வீங்குகிறது என்று வருவார்கள். கரைப்பதற்கு ஹையலுரானிடேஸ் என்ற மருந்து உண்டு, ஆகவே இதெல்லாம் சரிசெய்யக்கூடியதுதான்.

சரிசெய்ய முடியாதது ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நெற்றி, மூக்கு, கண்ணோரம் ஆகிய இடங்களின் ரத்தக் குழாய்கள் உள்ளே கண்ணுக்குப் போகும் குழாயோடு சேர்ந்திருக்கின்றன. ஊசி முனை தவறி ஒரு குழாய்க்குள் இறங்கி, ஜெல்லை அழுத்தித் தள்ளினால் அது எதிர்த் திசையில் ஓடி, விழித்திரைக்குப் போகும் ரத்தத்தை அடைத்துவிடும். அந்த நொடியிலேயே பார்வை போகும், பலருக்கு வலியும் வாந்தியும் வரும். 2015இல் வெளியான ஒரு மருத்துவத் தொகுப்பு, உலகம் முழுக்க அதுவரை இப்படிப் பார்வை பாதித்த 98 பேரைக் கணக்கெடுத்தது, முகத்தில் எங்கெங்கோ ஜெல்லோ கொழுப்போ போட்டுக்கொண்டவர்கள். போட்டுக்கொள்கிறவர்கள் எண்ணிக்கைக்கு இது மிக மிகக் குறைவு, எழுதப்படாமல் போனவை எத்தனையோ. ரத்தம் இல்லாமல் விழித்திரை தாங்குவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். காரைக்குடியிலிருந்து கார் எடுத்து, மேலூர் தாண்டி, மதுரைப் போக்குவரத்தில் நுழைந்து ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி வாசலைத் தொடவே அந்த நேரம் போய்விடும். அதனால் ஃபில்லர் போடும் இடத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கரைக்கிற மருந்து இப்போது உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கிறதா, எடுத்துக் காட்டுங்கள். திணறினால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். ஊசி போடுகிறவர் பதிவு பெற்ற டாக்டராக இருக்க வேண்டும், பார்லரில் வேலை பார்க்கும் பெண் எவ்வளவு கைராசிக்காரியாக இருந்தாலும் வேண்டாம்.

லேசரைப் பற்றிச் சுருக்கமாக. தோலை இறுக்கும், மெல்லிய சுருக்கம் குறையும். நம் நிறத்துக்கு அது ஆறும்போது கறுத்துப்போகிற வாய்ப்பு அதிகம், அந்தக் கறுப்பு மறைய மாதக் கணக்காகும், அதற்குள் இந்தச் சீமை வெயிலில் குடையில்லாமல் நடந்தால் கேட்கவே வேண்டாம். இமை மேல் லேசர் என்றால் கண்ணுக்குள் உலோகக் கவசம் வைத்தே ஆக வேண்டும். அல்ட்ராசவுண்டால் தோலை இறுக்கும் கருவியைக் கண்ணுக்கு மேலேயே பிடித்து, கண்ணின் லென்ஸ் வெளுத்துப்போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள்.

இமை முடி அடர்த்தியாக வளரும் என்று ஒரு சொட்டு மருந்தை வாங்கித் தடவுகிறார்கள், பிமாட்டோப்ராஸ்ட். கண் அழுத்த நோய்க்கு நாங்கள் எழுதித் தரும் மருந்துதான் அது, போட்டவர்களுக்கு முடி வளர்வதைப் பார்த்து 2008இல் அமெரிக்காவில் அதற்கென்றே அனுமதி கொடுத்தார்கள். முடி நிஜமாகவே வளரும், நிறுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் இமைத் தோலைக் கறுக்க வைக்கலாம், நாள்பட்டால் சிலருக்குக் கண்ணைச் சுற்றியுள்ள கொழுப்பைக் கரைத்துக் கண்ணைக் குழிக்குள் தள்ளலாம். குழி விழுந்ததென்று அப்புறம் ஃபில்லர் கேட்டு வருவார்கள்.

முட்டை வெள்ளைக்கருவை இமையில் பூசுகிற ஆச்சிகளும் உண்டு. நம் பாட்டன்மார் அதைச் சுண்ணாம்போடு சேர்த்துச் சுவரில் பூசினார்கள், நூறு வருஷமாகப் பளபளக்கிறது. இமையில் ஒரு மணி நேரம் இழுத்துப் பிடிக்கும், முகம் கழுவினால் போச்சு. பச்சை முட்டையைக் கண்ணுக்குள் விட்டுக்கொள்ளாமல் இருந்தால் சரி.

இதையெல்லாம் விட எனக்குக் கவலை தருவது, இமை ஏன் தொங்குகிறது என்று கேட்காமலே ஊசி போட்டுக்கொள்வதுதான். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் இமை இறங்கினால் அது தசைச் சோர்வு நோயாக இருக்கலாம், அவர்களுக்குப் போடாக்ஸ் போடவே கூடாது. திடீரென்று ஒரு கண் இமை விழுந்து, தலைவலியும் இரட்டைப் பார்வையும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மூளை ரத்தக் குழாய் வீங்கியிருக்கலாம். இமை மூலையில் மஞ்சள் திட்டு இருந்தால் அதைச் சுரண்டி எடுப்பதற்கு முன் கொலஸ்ட்ரால் பாருங்கள்.

சரி, ஆச்சிக்கு வருகிறேன். ஆப்ராக்ளோனிடின் என்று ஒரு சொட்டு மருந்து, அதுவும் கண் அழுத்தத்துக்கு வந்ததுதான். மேலிமையைத் தூக்க இரண்டாவதாக ஒரு சின்னத் தசை உண்டு, நஞ்சு தொடாத அந்தத் தசையை இது கொஞ்ச நேரம் முறுக்கிவிடும், இமை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஏறும், சில மணி நேரம் நிற்கும். இருதயத்தையும் பிரஷரையும் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தேன், முதல் நாளே வீட்டில் போட்டு ஒத்திகை பார்க்கச் சொன்னேன். திருப்பூட்டுக்கு, அதாவது தாலி கட்டுவதற்கு, அரை மணி முன்னால் ஒரு சொட்டு, கலச நீர் தலையில் ஊற்றி முடித்து, புடவை மாற்றி வந்ததும் இன்னொரு சொட்டு. முகூர்த்தப் படங்களில் இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருக்கின்றன, நான் ஆல்பத்தைப் பார்த்தேன். பந்திப் படங்களில் வலது இமை மறுபடி இறங்கிவிட்டது, கையில் ஐஸ்கிரீம் கிண்ணத்தோடு ஒரு கண்ணால் சிரிக்கிறார். ஏழாவது வாரம் இமை தானாக ஏறிவிட்டது.

அன்றைக்குக் கடைசியாகப் பரிசோதித்தபோதுதான் அவருக்கு மேலிமையில் உண்மையிலேயே உபரித் தோல் நிறைய இருப்பதைச் சொன்னேன், அதற்கு ஊசியும் லேசரும் உதவாது, சின்ன ஆபரேஷன்தான் வழி, அதற்கும் சாதகபாதகம் உண்டு என்று. கொஞ்ச நேரம் யோசித்தார்.

"எழுபதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்குல்ல டாக்டர்?"

இருக்கிறது ஆச்சி, பீமரத சாந்திக்கு நாள் குறிக்கிறதுக்கு ஆறு மாதம் முன்னால் வாருங்கள் என்றேன்.