பெத்தது எட்டு, தங்கினது நாலு

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம். மனித சமுதாயம் வளர்கிறது என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசினார். விஞ்ஞானம் வளர்ந்தது, மனிதன் தேய்ந்துவிட்டான், பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார் என்றுகூடத் தெரியவில்லை என்றார். முதியோர் இல்லங்களைச் சொன்னார். அதில் எனக்கும் வருத்தம் உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் அவர் ஏங்குகிற அந்தப் பழைய தெருவுக்கு ஒருமுறை போய்வருவோம்.

அங்கே ஒரு பாட்டியிடம் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், "பெத்தது எட்டு, தங்கினது நாலு" என்பாள். அடுத்தடுத்துப் பிள்ளை இறந்த வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் போட்டு எடுத்து, குப்புசாமி, குப்பம்மாள் என்று பெயர் வைத்தார்கள். பிச்சை என்றும் வைத்தார்கள். வேண்டாத பிள்ளை போலிருக்கிறது என்று எமன் விட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான். பெற்ற பிள்ளையைத் தாயே குப்பை என்று கூப்பிட வேண்டியிருந்தது, நடுவர் அவர்களே!

சரி, அதை மாற்றியது மருந்துதானே, மனிதனா என்று நண்பர் கேட்பார். பெரியம்மையையே எடுத்துக்கொள்வோம். ஜென்னர் என்ற ஆங்கிலேய மருத்துவர் அதற்குத் தடுப்பூசி போட்டது 1796ல். பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தது 1980 மே மாதம். இடையில் 184 ஆண்டுகள்! மருந்து மட்டும் போதும் என்றால் இத்தனை காலம் எதற்கு? கடைசி வீடு வரை அதைக் கொண்டுபோக வேண்டும் என்ற மனம் வர வேண்டியிருந்தது. 1958ல் உலகம் முழுக்க ஒழிப்போம் என்று முன்மொழிந்தது சோவியத் நாடு. தடுப்பூசியும் வாரிக் கொடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தில் அந்த வேலையை முன்நின்று நடத்தியவர் ஹெண்டர்சன் என்ற அமெரிக்கர். ஒன்றன்மேல் ஒன்று அணுகுண்டைக் குறிவைத்திருந்த இரண்டு நாடுகள் இவை.

நம் நாட்டில் என்ன நடந்தது? அம்மை கண்ட குழந்தையின் படம் போட்ட அட்டையோடு, "இந்த மாதிரி யாருக்காவது இருக்கிறதா?" என்று ஊழியர்கள் வீடு வீடாகக் கேட்டுப் போனார்கள். 1974ல் பீகாரில் கொத்துக் கொத்தாகச் சாவு. அடுத்த ஆண்டு மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. பக்கத்து வீடு தெரியாதவனைக் காட்டினாரே நண்பர், முன்பின் தெரியாத ஊரில் யாரோ பெற்ற பிள்ளைக்காகக் கதவைத் தட்டியவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பார்?

இந்த அரங்கிலேயே முகத்தில் அம்மைத் தழும்போடு தாத்தா பாட்டிகள் இருப்பார்கள். தீர்ப்பு சொல்லும் முன், அவர்கள் மடியில் இருக்கும் பேரப்பிள்ளையின் முகத்தையும் ஒருமுறை பாருங்கள், நடுவர் அவர்களே.